தம்பி சொல்லுது

சொன்ன கருத்துக்காக அடி வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். சொல்லாத கருத்துக்காக வாங்கிக் கட்டிக்கொண்டவன், இந்த விருத்தாசலத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கிரிக்கெட் கேப்டனைப் பற்றி, தங்கத்தின் விலையைப் பற்றி, வடக்கே எங்கோ நடந்த பணக்காரக் கல்யாணத்தைப் பற்றி, அடுத்த ஆட்சி யாருடையது என்பதைப் பற்றியெல்லாம் என் பெயரில் ஊருக்குள் கருத்துகள் திரிந்தன. அதில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அங்கேயும் வாத்தியார் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பேனே தவிர, வாயைத் திறந்ததில்லை. இப்போதும் “ம்”, “சரி”, “சாப்டாச்சு” என்பதற்கு மேல் என்னிடமிருந்து எதுவும் வருவது அபூர்வம்.

அவ்வளவையும் சொன்னது, என் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பொம்மை துடைத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா. கடைசியில் அவருடைய வாய் என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். அவரை எழுதாமல் அதை எழுத முடியாது.

எங்களுடையது சின்ன பீங்கான் யூனிட். கல்யாணத் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்கிற குட்டி யானை, மேசையில் வைக்கிற பூந்தொட்டி, அகல் விளக்கு, இப்படி ஆர்டருக்குத் தகுந்தபடி செய்வோம். மண்கூழை அச்சில் ஊற்றி, இறுகியதும் பொம்மையை வெளியே எடுப்பார்கள். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு விழுந்திருக்கும். அதைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, கோடு இருந்த இடமே தெரியாமல் ஆக்குவது அக்காவின் வேலை. காய்ந்த பிறகு அதை, பளபளப்பு கொடுக்கிற கிளேஸ் பூச்சுத் தொட்டியில் முக்கி எடுப்பது என் வேலை. கிளேஸ் போட்டது, எண்ணெய் ஊற்றி எரிக்கிற சூளைக்குப் போகும்.

காலையில் வந்ததும் அக்கா ஸ்பாஞ்சை நனைப்பதற்கு முன் செல்போனில் செய்தியைப் போட்டுவிடுவார். கைப்பிடி உடைந்த ஒரு பீங்கான் கோப்பைக்குள் போனைச் செருகி நிற்க வைத்திருப்பார். செய்தி வாசிக்கிறவர் ஏதோ அவர் வீட்டு வாசலில் வந்து நிற்பவரைப் போலத்தான் அவருக்கு.

“நிறுத்து, நிறுத்து. இத நேத்தே சொல்லிட்ட. அதுக்கப்புறம் என்னா ஆச்சு, அத சொல்லு.”

செய்தி வாசிப்பவர் நிறுத்தமாட்டார். அக்காவும் நிறுத்தமாட்டார். நடுவில் நான்.

பத்து நிமிடத்தில் வீட்டுக்கே மளிகை கொண்டுவந்து தருகிறார்கள் என்று ஒரு நாள் செய்தி. “பத்து நிமிசத்துல கொத்தமல்லி வருதாம். அவ்ளோ அவசரமா ரசம் வச்சி முடிச்சிட்டு எங்க போவப்போறாங்க?” வெளிநாட்டுக்காரன் நம் சரக்குக்கு வரி போட்டுவிட்டான் என்று இன்னொரு நாள். “போடட்டும். நம்மாளுங்க அங்க போயி பாத்திரம் கழுவறாங்க இல்ல, அவங்கள திருப்பிக் கூப்டுக்க. தானா எறங்கி வருவான்.” ஒரு பெரிய கம்பெனியில் ஆயிரக்கணக்கில் ஆட்களை அனுப்பிவிட்டு கம்ப்யூட்டரை வைத்து வேலை வாங்குகிறார்கள் என்று வந்தபோது, துடைத்துக்கொண்டிருந்த யானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இத தொடைக்க ஒரு கம்ப்யூட்டரு வரட்டும். காது எங்க ஒடையும்னு அதுக்குத் தெரியுதா பாக்கறன்.”

இதோடு விட்டிருந்தால் எனக்கு ஒன்றும் இல்லை. பேச்சுச் சத்தம் எனக்குப் பழக்கம்தான். ஆனால் அக்கா எங்கள் மேசையை விட்டு எழுந்து வேறு எங்கே போனாலும், அந்தக் கருத்துகள் என்னுடையவை ஆகிவிடும். “எங்க யூனிட்டுல ஒரு தம்பி இருக்குது. பேசாது, ஆனா பேசிச்சுன்னா சரியா இருக்கும். அந்தத் தம்பி சொல்லுது…” என்று ஆரம்பிப்பாராம்.

எனக்கு இது தெரிந்தது ஒரு சலூனில். ஜங்ஷன் ரோட்டில் நான் வழக்கமாகப் போகிற கடைதான். கடைக்காரர் என் முகத்தில் நுரையைப் பூசிவிட்டு, கத்தியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“நீங்கதான அந்த பீங்கான் கம்பெனி அண்ணன்?”

“ம்.”

“எங்க கேப்டனுக்கு வயசாயிட்டுது, மரியாதையா ஒதுங்கிக்கணும்னு சொன்னீங்களாமே?”

நான் தலையை ஆட்டி மறுக்கலாம். ஆட்டினால் கத்தி இறங்கும். அசையாமல் இருந்தேன். அதை அவர் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்.

“அவர் நின்னு ஆடினத நீங்க பாத்திருக்கீங்களாண்ணே? உக்காந்து பொம்ம பண்ற எடத்துலேர்ந்து என்னா வேணா பேசலாம். வெயில்ல ஒரு நாள் நின்னு பாருங்க.”

“யாரு சொன்னது?” என்று துண்டைக் கழற்றிய பிறகுதான் கேட்க முடிந்தது.

“உங்க கூட வேல செய்யறாங்களே, அந்தம்மாதான். பேரனுக்கு முடி வெட்ட இட்டாந்தாங்க. நீங்க ஆணித்தரமா சொன்னதா சொன்னாங்க.”

அன்றைக்கு என் ஒரு பக்கக் கிருதா இன்னொன்றைவிட அரை விரல் ஏறியிருந்தது. தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா, நான் கேட்கவில்லை.

அடுத்தது வீட்டுக்குள்ளேயே வந்தது. கருவேப்பிலங்குறிச்சியில் என் மனைவியின் அண்ணன் இருக்கிறார். பெண்ணுக்குக் காது குத்த வைத்திருந்தார்கள். அவருடைய மனைவி பஸ்ஸில் அக்காவைப் பார்த்திருக்கிறார். தங்கம் இறங்கும், கொஞ்சம் பொறுக்கலாம் என்று ‘தம்பி சொல்லுது’ என்று அக்கா சொல்லியிருக்கிறார். அவர்கள் பொறுத்திருக்கிறார்கள். தங்கம் பொறுக்கவில்லை, ஏறிக்கொண்டே போனது. தோடு வாங்கும்போது மச்சான் போன் பண்ணி என் மனைவியைப் பிடித்துக்கொண்டார்.

போனை வைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. “வூட்ல ஒரு வார்த்த பேசறதில்ல. சோறு போதுமான்னா தலைய ஆட்டறது. ஊருக்கு மட்டும் யோசனை சொல்றீங்களா?”

நான் சொல்லவில்லை என்று அவளிடம் சொன்னேன். பேசாத மனுஷன் சட்டென்று பேசினால் யாரும் நம்புவதில்லை.

மறுநாள் அக்காவிடம் நேராகக் கேட்டேன். எனக்கு நினைவு தெரிந்து நானாக அவரைக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“ஏன்க்கா எல்லாத்தையும் எம் பேர்ல சொல்றீங்க?”

அவர் திகைப்பார், வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். ஸ்பாஞ்சைப் பிழிந்தபடி, ‘இது கூடவா தெரியவில்லை’ என்பது போலப் பார்த்தார்.

“நான் சொன்னா, ‘போம்மா, வேலய பாரு’ங்கறாங்க தம்பி. உம் பேர சொன்னா நின்னு கேக்கறாங்க. நீயோ வாயே தொறக்கறதில்ல. சும்மா கெடக்கற பேருதான? நான் எடுத்துக்கறன்.”

சும்மா கிடக்கிற சைக்கிளை எடுத்துப்போனால்கூட ஒரு வார்த்தை கேட்பார்கள். நான் போய்க் கிளேஸ் தொட்டியைக் கலக்கினேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். சொன்னது பலித்தாலும் அந்தப் பெருமையை எனக்கேதான் கொடுத்தார். ஒரு மேட்ச்சில் கடைசி ஓவரில் ஜெயிப்போம் என்று அவர் சொல்லி அப்படியே ஆனது. பொம்மைகளைப் பலகையில் வைத்துச் சூளைக்குள் அடுக்குகிறவர்கள் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அக்கா தள்ளி நின்று, பெற்ற பிள்ளை பரிசு வாங்குவதைப் பார்ப்பது போலச் சிரித்துக்கொண்டிருந்தார். பலிக்காவிட்டால், “அன்னிக்கே தம்பி கொஞ்சம் இழுத்துதான் சொல்லிச்சு, நான்தான் கவனிக்கல” என்று அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம், லீவு கேட்க வாய் வராமல் நான் அலுவலக அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். அக்கா என்னைத் தாண்டி உள்ளே போய், “தம்பிக்கு அப்பாவ பாத்துக்கணுமாம், லீவு வேணும்னு சொல்லுது” என்று வாங்கிக்கொண்டு வந்து, “போ” என்றார். அப்போதும் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

செத்துப்போன பாடகர்களின் குரலில் கம்ப்யூட்டர் புதுப் பாட்டு பாடுகிறது என்று செய்தி வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அக்கா கொதித்துவிட்டார்.

“இது என்னா அநியாயம்! அவங்கள கேட்டாங்களா? ஒருத்தர் சொல்லாதத அவங்க வாயில வைக்கறது பாவமில்ல?”

நான் தொட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தேன். என்னைப் பார்த்து, “நீயே சொல்லு தம்பி, நியாயமா?” என்றார். கண்ணில் கள்ளம் ஒரு துளிகூட இல்லை. சாயங்காலம் டீக்கடையில், “தம்பிக்கு இன்னிக்கு கோவம்னா கோவம், கம்ப்யூட்டரு பாடறத பத்தி” என்று சொல்லியிருக்கிறார்.

சரி, சூளைக்கு வருகிறேன்.

எங்கள் இடத்தில் ஒரு பழக்கம் உண்டு. சூளையில் தீ வைத்ததிலிருந்து, ஆறிக் கதவு திறக்கிறவரைக்கும், உள்ளே இருப்பதைப் பற்றி யாரும் குறை பேசக் கூடாது. ‘இந்தத் தடவை எப்படி வருமோ’ என்றுகூடக் கேட்கமாட்டோம். வெளியே இருக்கும்வரைதான் பொம்மை எங்கள் கையில். சூளைக்குள் போய்விட்டால் யார் கையிலும் இல்லை. அதனால் வந்த பழக்கமாக இருக்கலாம். எங்கள் முதலாளி இதில் மிகவும் கண்டிப்பு. உலகத்தில் எல்லாவற்றுக்கும் கருத்து வைத்திருந்த அக்காகூடச் சூளையைப் பற்றி மட்டும் வாய் திறந்ததில்லை.

அன்றைக்கு உள்ளே இருந்தது முழுவதும் யானைகள். ஒரு பெரிய கல்யாண ஆர்டர். அன்றைக்கே பிற்பகலில் ஒரு பைனல் மேட்ச்சும் இருந்தது.

சூளை பார்க்கிறவர் என்னைவிட இளையவர். அப்போதுதான் அவருக்குக் குழந்தை பிறந்திருந்தது. வேலையில் கெட்டவர் இல்லை. கிரிக்கெட் என்றால் மட்டும் அவருக்குத் தலைகால் புரியாது. அக்கா தண்ணீர் பிடிக்கப் போனவர், சூளைப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறார். அந்த ஆள் செல்போனைச் சூடு காட்டுகிற மீட்டர்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு மேட்ச் பார்த்துக்கொண்டிருக்கிறார். மீட்டரே தெரியவில்லை.

“டேய், சூளைய பாருடா!”

“பாத்துக்கினுதாங்க்கா இருக்கன்.”

அக்கா திரும்பி வந்து என் காதோரம், “மீட்டர மறச்சி போன வச்சிருக்கான்” என்றார். உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். கோப்பையில் நின்ற போனில் அதே மேட்ச்சைப் பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். அதை அணைத்தார். அவர் செய்தியை அணைத்து நான் பார்த்ததில்லை. பலகை அடுக்குகிறவர்கள் டீ வாங்கிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார்கள். அக்காவுக்கு அடக்க முடியவில்லை. எல்லாக் கருத்தும் எந்த வழியாக வருமோ, அதே வழியாக அதுவும் வந்துவிட்டது.

“தம்பி சொல்லுது, இந்தச் சூள தேறாது.”

டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையும் கிளேஸுக்குள் இருக்க நின்றேன். ‘நான் இல்லை’ என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர்கள் போய்விட்டார்கள்.

சூளை ஆறிக் கதவைத் திறந்த அன்று, முதல் பலகையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சூடு அளவுக்கு மேல் ஏறி, யானைகளெல்லாம் முட்டி போட்டுக் கிடந்தன. தும்பிக்கை வழிந்து பலகையோடு ஒட்டியிருந்தது. சில யானைகள் பக்கத்து யானைமேல் சாய்ந்து அப்படியே உருகியிருந்தன. முதலாளி எதையும் தொடாமல் கடைசி வரை நடந்து பார்த்துவிட்டு அறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டு ஆள் வந்தது.

மேசைமேல் ஒரு யானை முட்டி போட்டுக்கொண்டிருந்தது. சூளைக்காரர் ஏற்கெனவே உள்ளே, சுவரோரம் நின்றிருந்தார்.

“என்னய்யா, சூள தேறாதுன்னு சொன்னியாமே?”

நான் மேசைமேல் இருந்த யானையைப் பார்த்தேன்.

“எரியற சூளைய பாத்து எவனாவது அப்டி சொல்லுவானா? எங்கப்பா காலத்துலேர்ந்து இங்க ஒருத்தன் சொன்னதில்ல. இவன் என்னாடான்னா எண்ணெ சரியில்லங்கறான். அதே எண்ணெதான் போன தடவயும் ஊத்தினது. சரியில்லாதது உன் வாயி. பேசாத ஆளு சொன்னா பலிச்சிடும்னு தெரியுமில்ல? நாளைலேர்ந்து வராத.”

வேறு எந்த வேலையும் எனக்குத் தெரியாது. இன்னொரு யூனிட்டுக்குப் போனாலும், ‘இவன் வாயால் சூளை கெட்டது’ என்ற பேச்சு எனக்கு முன்னால் போய் நிற்கும். அந்த அறையில் நான் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தைதான். அதுகூட வரவில்லை.

அப்போது அக்கா உள்ளே வந்தார். கையில் ஸ்பாஞ்ச். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“மொதலாளி, அது சொல்லல.”

“யாரும்மா?”

“தம்பி. அதுக்கு ஏது வாயி? அது சொன்னதா நான் சொன்னதெல்லாம் நான் சொன்னது.”

முதலாளிக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. “கேப்டன பத்தி சொன்னது?”

“நான்தான்.”

“தேர்தல்ல இவங்கதான் வருவாங்கன்னது?”

“அதுவும் நான்தான்.”

“மெயின் ரோட்டுல ஷோரூம் போட்டா போண்டியாயிடுவன்னு இவன் சொன்னதா என் காதுக்கு வந்துச்சே?”

அக்கா கொஞ்சம் தயங்கினார். “அதுவும்தான் மொதலாளி.”

“அத நம்பித்தானம்மா நான் ஷோரூமே போடல!” என்று கத்திவிட்டார். சுவரோரம் நின்றவருக்குக்கூடச் சிரிப்பு முட்டியது. முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். “சரி. சூள தேறாதுன்னு எத வச்சி சொன்ன? சொல்லு.”

அத்தனை வருஷத்தில் அக்காவை ஒருவர் உட்கார்ந்து, ‘ஏன் அப்படிச் சொன்னாய்’ என்று கேட்டுக் காத்திருந்தது அன்றைக்குத்தான். வாழ்க்கையில் அவர் சொன்னதிலேயே காரணத்தோடு சொன்ன ஒரே ஆருடம் அதுதான். சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சூளைக்காரரும் அதையே நினைத்திருக்க வேண்டும், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவர் பக்கம் ஒரு முறை பார்த்தார்.

“சும்மா, மொதலாளி. வாய்க்கு வந்துச்சு, சொல்லிட்டன்.”

“அப்ப உனக்குக் கருநாக்கு” என்றார் முதலாளி. என் வேலை எனக்குத் திரும்பி வந்தது. பழைய ஆள் என்பதால் அக்காவை அடியோடு நிறுத்தவில்லை. ஆனால் சூளை அடுக்குகிற நாளிலிருந்து திறக்கிற நாள்வரை யூனிட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்றார். எங்களுக்கு வேலை செய்த நாளுக்குத்தான் கூலி. மாதத்தில் பாதி நாள் சூளை நாள்தான்.

வெளியே வந்ததும் அவரிடம் நானாகக் கேட்ட இரண்டாவது கேள்வியைக் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

“ஏன்க்கா சொல்லல?”

“என்னா சொல்றது?”

“மீட்டர மறச்சி போன வச்சிருந்தத.”

“அது என்னா நியூஸா?” என்றார் அக்கா. “அது நான் கண்ணால பாத்தது தம்பி. போன்ல வர்றவங்கள நான் என்னா வேணா சொல்லுவன். அவங்க வூட்டுல ஒல கொதிக்கறது நிக்குமா? இவன சொன்னா இன்னிக்கே நின்னுடும். கைக்கொழந்தக்காரன்.”

“உங்க வூட்டு ஒல?”

அவர் ஸ்பாஞ்சைப் பிழிந்தார். “அத பத்தி எனக்கு ஒரு கருத்தும் இல்ல” என்று சொல்லிவிட்டு மேசைக்குப் போனார்.

ஊருக்கெல்லாம் கருத்து வைத்திருந்தவர். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது.

அடுத்த சூளை நாட்களில் பக்கத்து மேசை காலியாக இருந்தது. அந்தச் சத்தம் இல்லாமல் நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் பொய். நிம்மதியாக இல்லை என்று சொன்னாலும் பொய். உலகத்தில் என்ன நடக்கிறது என்றே எனக்குத் தெரியாமல் போனது. டீக்கடையில் யாராவது, “என்னண்ணே, இந்த சீரிஸ் எப்டி?” என்று கேட்டால் திருதிருவென்று விழித்தேன். “பேசமாட்டாரு, கோவத்துல இருக்காரு” என்றார்கள்.

தீ வைக்கிற அன்று சூளைக்காரர் என்னிடம் வந்து, “இத வச்சிக்கண்ணே” என்று தன் செல்போனைக் கொடுத்தார். என் சட்டைப்பையில் அது நாளெல்லாம் அதிர்ந்துகொண்டே இருந்தது.

சூளை திறந்தது. மறுபடி செய்த யானைகள் அத்தனையும் காலூன்றி நின்றன. பளபளவென்று, ஒன்றில்கூடக் கீறல் இல்லை. முதலாளி ஒரு யானையை எடுத்து எல்லாருக்கும் காட்டினார்.

“பாத்தீங்களா? அந்தம்மா வாய் படல, எப்டி வந்திருக்குது! சூள நாளு மட்டும் இல்ல, மொத்தமாவே நிறுத்திடலாம்னு பாக்கறன்.”

பலகை அடுக்குகிறவர்கள் தலையாட்டினார்கள். சூளைக்காரர் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் அவர் போவார். சொல்லாவிட்டால் அக்கா போவார். அப்போது எனக்கே பழக்கமில்லாத ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

“அக்கா சொல்லிச்சு, மொதலாளி.”

“என்னா சொல்லிச்சு?”

“இந்தச் சூள நல்லா வரும்னு. தீ வைக்கறதுக்கு முன்னாடியே. வூட்லேர்ந்து எனக்கு போன் பண்ணி சொல்லிச்சு.”

“எனக்கும்தான் பண்ணிச்சு” என்று சூளைக்காரர் சேர்ந்துகொண்டார். “தங்கமாட்டம் வரும்னு சொல்லிச்சு மொதலாளி.”

முதலாளி யானையைக் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார். “அப்ப அந்தம்மா வாயில நல்லதும் பலிக்குதுங்கற.” இன்னும் கொஞ்சம் யோசித்தார். “நாளைக்கே வரச் சொல்லு. இனிமே ஒவ்வொரு சூளைக்கும் தீ வைக்கறப்ப முன்னால நின்னு, நல்லா வரும்னு சொல்லட்டும். அது மட்டும் சொன்னா போதும். வேற ஒண்ணும் சொல்லக் கூடாது.”

அக்கா மறுநாள் வந்தார். விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது. நேராக என்னிடம் வந்தார்.

“நான் எப்ப தம்பி உனக்கு போன் பண்ணேன்? எம் பேர எடுத்து நீ பாட்டுக்கு சொல்லுவியா? ஒரு வார்த்த என்ன கேக்கணுமா வேணாமா?”

“அக்கா, நீங்க…” என்று ஆரம்பித்தேன்.

“பேசாத. தங்கமாட்டம் வரும்னு நான் சொன்னனாம். அப்டியெல்லாம் நான் பேசறவளா? கேக்கறவங்க என்ன பத்தி என்னா நெனைப்பாங்க?”

நான் பேசவில்லை. அதில் எனக்குப் பழக்கம் உண்டு.

அடுத்த தடவை தீ வைக்கும்போது முதலாளி அவரைக் கூப்பிட்டார். அக்கா செய்தியை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய்ச் சூளைக்கு முன்னால் நின்றார். நாங்கள் எல்லாரும் சுற்றி நின்றோம். “நல்லா வரும்” என்றார், துப்புவது போல.

“சத்தமா சொல்லும்மா. காதுல விழல.”

“நல்லா வரும்!”

முதலாளி திருப்தியாகக் கும்பிட்டார். சூளைக்காரர் தீ வைத்தார். அக்கா திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஸ்பாஞ்சை எடுத்தார். ஒரு யானையின் காதைத் துடைத்தார். அப்புறம், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, சூளைப் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

“இந்த மனுசனுக்கு யாவாரமே தெரியல.”

‘தம்பி சொல்லுது’ என்று அவர் சேர்க்கவில்லை. நானும் அதை யாரிடமும் கொண்டுபோகவில்லை.